தைரியமா, திமிரா? எபிரெயர் 4:16 பற்றி

கேள்வி: பாபநாசத்திலிருந்து ஒரு வாசகர், ஜூன் 8

"தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்"னு எபிரெயர் 4:16-ல இருக்கு. என்னால போக முடியலை. நாலு மாசமா கோவில் பக்கமே போகலை. நான் செஞ்ச காரியம் ஒண்ணு இருக்கு, அதை இங்க எழுத விரும்பலை. ராத்திரி முழங்கால் போட்டா முதல் வார்த்தையே வர மாட்டேங்குது. இப்படிப்பட்டவன் தைரியமா கிட்டப் போறேன்னு சொன்னா அது விசுவாசமா, திமிரா?

ஜூன் 8

திமிர் இல்லை. திமிர் பிடிச்சவன் இந்தக் கேள்வியையே கேக்க மாட்டான்.

16-ஆம் வசனம் "ஆதலால்"னு ஆரம்பிக்குது. எதனாலன்னு 15-ல பாருங்க. நம்ம பலவீனத்தைப் பார்த்துப் பரிதபிக்கிற பிரதான ஆசாரியர் இருக்கார், அதனால. உங்க யோக்கியதை அந்தக் கணக்குல வரவே இல்லை. பழைய ஏற்பாட்டுக் காலத்துல பிரதான ஆசாரியர் மட்டும், வருஷத்துக்கு ஒரே நாள், மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள போவார். உள்ளயே செத்துட்டா வெளியே இழுக்கக் கால்ல கயிறு கட்டித்தான் அனுப்புவாங்க. சிலுவையில இயேசு உயிர் விட்டப்போ, அந்த ஸ்தலத்தை மறைச்ச திரைச்சீலை மேலேயிருந்து கீழ வரைக்கும் கிழிஞ்சது. இப்ப கயிறு வேண்டாம். போங்க.

ஊர் பேரே பாபநாசம். அங்க உக்காந்துக்கிட்டு இப்படிக் கேக்குறீங்களே.

ஜூன் 8, ராத்திரி

காலையில எழுதினதைத் திரும்பப் படிச்சேன். ஞாயித்துக்கிழமைப் பிரசங்கம் மாதிரி இருக்கு. கேட்டவருக்கு அதுல ஒரு பிரயோஜனமும் இருக்காது. நான் பட்டதைச் சொல்றேன்.

தாலுகா ஆபீஸ் வாசல்ல மனு எழுதுறவன் நான். இருபத்து மூணு வருஷமா அதே புங்க மரம், அதே மேசை. ஒருத்தர் வந்து, "அந்தப் பய ராத்திரியோட ராத்திரியா என் வரப்பை வெட்டிட்டான்யா, எனக்கு வயிறு எரியுதுய்யா"ம்பார். நான் எழுதுறது: "மேற்படி சர்வே எண்ணில் கண்ட நிலத்தின் வரப்பை எதிர்மனுதாரர் சேதப்படுத்தியுள்ளார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." வயிறு எரிஞ்சது அதுல எங்கேயும் இருக்காது. மேல பொருள், அதுக்குக் கீழ பார்வை, கடைசியில இணைப்பு: சிட்டா நகல், அடங்கல் நகல், குடும்ப அட்டை நகல்.

வேதத்துல ஜெபத்துக்கு "விண்ணப்பம்"னு ஒரு பேர் இருக்கு. எங்க ஆபீஸ் பாஷையிலயும் அதுதான். ரெண்டும் ஒரே சொல்லுங்கிறதாலயோ என்னமோ, நான் ஜெபிக்கிறதும் மனு மாதிரியே ஆயிடுச்சு.

பையனுக்கு ஏழு வயசுல டெங்கு. தஞ்சாவூர்ல ஒரு ஆஸ்பத்திரி. ரத்தத் தட்டு எண்ணிக்கை காலையில ஒண்ணு, சாயங்காலம் அதைவிடக் குறைச்சல். ராத்திரி மாடிப்படியில உக்காந்து ஜெபம் பண்ணேன். பாதியில எனக்கே உறைச்சது, நான் இணைப்பு வெச்சுக்கிட்டு இருக்கேன். தசமபாகம் தவறினதில்லை, பாடகர் குழுவுல பன்னெண்டு வருஷம், ஞாயிறு பள்ளியில பாடம் எடுத்தது. நகல் நகலா அடுக்கிக்கிட்டு இருந்தேன். ஒண்ணு குறைஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயம்.

எங்கம்மா வார்டு வாசல்ல தரையில காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் எங்களை வளத்தவங்க, கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அவங்களும் ஜெபம்தான் பண்ணாங்க. வராந்தா முழுக்கக் கேட்டது.

"ஏய் ராசா, ஒனக்குக் காது இருக்கா இல்லியா? எம் பேரப்புள்ளைய அஞ்ச போட்டுட்டு நான் இஞ்ச குந்தியிருக்கேன். நீ என்ன பண்ணிக்கிட்டு இருக்கே? எறங்கி வா."

நர்ஸ் திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு மானம் போச்சு. "மெதுவாம்மா"ன்னேன். "அவருகிட்ட என்னடா மெதுவா"ன்னாங்க.

நாலாம் நாள் எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சது.

ஜூன் 10

"கடவுளை நீ வா போன்னு பேசலாமா?"ன்னு மூணு பேர் கேட்டிருக்காங்க.

நம்ம வேதாகமத் தமிழ்ல கடவுளுக்கு "நீர்", "உம்முடைய". பரமண்டல ஜெபம் பூரா அப்படித்தான். டெல்டாவுல இன்னிக்கு யாரு யாரை நீர்ங்கிறாங்க? அப்பாவை நீங்க, பொண்டாட்டியை நீ, தாசில்தாரை ஐயா. நீர்ங்கிறது ஜெபத்துக்குன்னே இஸ்திரி போட்டு மடிச்சு வெச்ச வேட்டி. எனக்கு அது பிடிக்கும், குறை சொல்லலை. ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல எங்கம்மாவுக்கு அந்த வேட்டியைத் தேடி எடுக்க நேரமில்லை.

சைவர்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. தேவாரத்துல எல்லாம் நீதான்.

ஜூன் 11

ரெண்டு அடி வாங்கினேன்.

முதல் அடி கயிறு. "எந்த அதிகாரம்?"னு ஒருத்தர் கேட்டார். லேவியராகமம் 16-ஐ எடுத்து ரெண்டு தரம் படிச்சேன். ரெண்டு கடா இருக்கு, சணல்நூல் சட்டை இருக்கு, ஆசாரியன் சாகாதபடிக்குத் தூபமேகம் மூடணும்னு இருக்கு. கயிறு இல்லை. அங்கியோட ஓரத்துல பொன்மணி தொங்குறது யாத்திராகமம் 28. அதுலயும் கயிறு இல்லை. சின்ன வயசுலேர்ந்து எத்தனை பிரசங்கத்துல கேட்டிருப்பேன், ஒரு நாளாவது புரட்டிப் பார்த்தேனா? அந்த வரியை அடிச்சிடுங்க. இனிமே யாராவது பிரசங்கத்துல கயித்தை எடுத்தா வசனம் கேளுங்க.

ரெண்டாவது அடி திருவாரூர்லேர்ந்து. தேவாரத்துல எல்லாம் நீதான்னு நான் அளந்ததுக்கு ஒரு சைவ நண்பர் எழுதியிருக்கார். மனைவி சங்கிலியாருக்குக் குடுத்த சத்தியத்தை மீறினதால, தேவாரம் பாடின சுந்தரருக்குக் கண் பார்வை போச்சு. காஞ்சிபுரத்துல ஒரு கண் திரும்புச்சு. இன்னொண்ணுக்குத் திருவாரூர் வந்து அங்க இருக்கிற சிவன், தியாகராசர் முன்னாடி நின்னு சண்டை போடுறார். அந்தப் பதிகத்துல நீர்தான், "வாழ்ந்து போதீரே." நல்லாயிருங்க போங்கன்னு வயிறெரிஞ்சு சொல்ற தொனி. தப்பு பண்ணவரும் அவர், சண்டை போடுறவரும் அவர். கண்ணு கிடைச்சிடுச்சுங்கிறது வரலாறு. தம்பிரான் தோழர்னு பேர் வாங்கினவருக்கு அவ்வளவு உரிமை.

பாபநாசத்துக்காரர் இதைக் கவனிக்கணும்.

கோபம் வந்தா மரியாதை கூடுறது நம்ம ஊர் வழக்கம்தானே. என் வீட்டம்மா என்னை "நீங்க சாப்பிட்டாச்சுங்களா"ன்னு ஒரு ங்க சேர்த்துக் கேட்டா அன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது.

ஜூன் 12

மேட்டூர் திறக்க வேண்டிய தேதி. திறந்தாச்சா, எத்தனை கன அடின்னு கேக்குறதுக்கே மரத்தடிக்கு நாலு பேர் வந்தாங்க. என்னமோ நான்தான் சாவி வெச்சிருக்கிற மாதிரி. கடைமடைக்காரனுக்கு ஜெபம் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லைன்னு எழுதத் தோணுச்சு. எழுதிட்டேன்.

ஜூன் 15

8-ஆம் தேதி எழுதின கதையில ஒண்ணை விட்டுட்டேன். "அப்ப சத்தம் போட்டுக் கேட்டா கிடைக்கும்னு சொல்றீங்களா?"ன்னு ஒரு சகோதரி கேட்டதுலேர்ந்து மூணு நாளா உறுத்துது.

பையன் பிழைச்சதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு அப்பாவுக்குச் சிறுநீரகம் போச்சு. அம்மா அதே மாதிரி காலை நீட்டி உக்காந்தாங்க. அதே சத்தம், அதே ஏய் ராசா. ஐப்பசி மழையில அப்பா போய்ட்டார். கல்லறைத் தோட்டத்துல குழி வெட்ட வெட்டத் தண்ணி ஊறுது, தகர டப்பாவால மொண்டு மொண்டு ஊத்தினோம்.

இதை விட்டுட்டு, நாலாம் நாள் ஏறுச்சுன்னு முடிச்சது சரியில்லை. பல சாட்சிகள் அந்த மாதிரி இடத்துல முடிஞ்சிடுது.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வேண்டியது. அம்மா ஜெபத்தை நிறுத்திட்டாங்கன்னு நினைச்சேன். பைபிள் வாசிக்கச் சொல்லி என்னைக் கூப்பிடலை, சாப்பாட்டுக்கு முன்னாடி கண்ணை மூடலை. ஒரு ராத்திரி கரண்ட் போச்சுன்னு விசிறி எடுக்க எழுந்தேன். பாயில உக்காந்துக்கிட்டு இருட்டுல சொல்றாங்க:

"இன்னிக்கும் ஒங்கூட நான் பேசலை. தெரிஞ்சுக்க."

சொல்லிட்டுப் படுத்துட்டாங்க. மறுநாளும் காது குடுத்துக் கேட்டேன். அதையேதான் சொன்னாங்க. தினமும் சொல்லிட்டுத்தான் படுக்கை. அறுப்பு முடியிற வரைக்கும் இது ஓடுச்சு. ஒரு நாள் காலையில சூடமிட்டாய் கேட்ட பேரனைத் திட்டிக்கிட்டே, "பாருய்யா இவனை"ன்னு மேல பார்த்துச் சொன்னாங்க. பேச்சு ஆரம்பிச்சிடுச்சு.

அந்த ரெண்டு மாசமும் எங்க வீட்டுல ஒழுங்கா ஜெபம் பண்ணது யாருன்னு கேட்டா, நான் இல்லை. நான் தினம் காலையும் மாலையும் முழங்கால் போட்டேன், நீர் உமதுன்னு ஒண்ணும் குறையில்லாம.

சகோதரிக்குப் பதில்: இல்லை. 1 யோவான் 5:14-ல, அவருடைய சித்தத்தின்படி கேட்டா செவிகொடுக்கிறார்ங்கிறதுதான் தைரியம்னு இருக்கு. செவிகொடுக்கிறார்ங்கிற வரைக்கும்தான் எனக்கு உறுதி. எங்கம்மாவுக்கு அதுலயும் சந்தேகம் வரும், வந்தா அதையும் அவர்கிட்டயே கேப்பாங்க.

ஜூன் 22

வேதாகமக் கல்லூரியில படிச்ச நண்பர் ஒருத்தர்கிட்ட மூலச் சொல் என்னன்னு கேட்டேன். டீக்கடையில ரெண்டு மணி நேரம் ஓடிடுச்சு, போண்டா என் கணக்கு.

தைரியம்னு நாம வாசிக்கிற இடத்துல கிரேக்கத்துல பர்ரேசியா. பயமில்லாம இருக்கிறதுங்கிறதைவிட, எல்லாத்தையும் ஒளிக்காமச் சொல்ற உரிமைங்கிறதுதான் அதுக்கு அடி. ஏதென்ஸ் நகரத்துச் சபையில எழுந்து நின்னு மனசுல பட்டதைச் சொல்ல அங்கத்துக் குடிமகனுக்கு இருந்த உரிமைக்கு அந்தப் பேர். அடிமைக்கு அது கிடையாது. திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்புல துணிவுன்னு போட்டிருக்காங்க. துணிவு, தைரியம் ரெண்டுமே பாம்பு அடிக்கப் போறவனுக்கு வேண்டியது மாதிரி இருக்கு. வாய் திறக்கிற உரிமைங்கிறது ரெண்டுலயும் முழுசா வரலை.

அடுத்தது கிருபாசனம். மூலத்துல இந்த இடத்துல கிருபையின் சிங்காசனம்னுதான் அர்த்தமாம். ஆனா பழைய மொழிபெயர்ப்புல உடன்படிக்கைப் பெட்டியோட மூடிக்கும் கிருபாசனம்னே பேர். யாத்திராகமம் 25:17, பசும்பொன், நீளம் ரெண்டரை முழம், அகலம் ஒண்ணரை முழம். எபிரெயர் 9:5-லயும் அந்த மூடிக்கு அதே சொல். அதனால தமிழ்ல வாசிக்கிறவனுக்கு 4:16-ல ராஜா தர்பார் கண்ணுல வர்றதில்லை. திரைக்கு உள்ள, இருட்டுல, தொட்டா செத்துப்போற பெட்டிதான் வருது. நம்ம ஆளுங்களுக்குக் கால் நடுங்குறதுல ஆச்சரியமில்லை. நான் கயித்தை நம்பினதும் அதனாலதான்னு வெச்சுக்கலாமா? சும்மா, தப்பிக்கப் பார்க்குறேன்.

இன்னொண்ணு. லூக்கா 11-ல நடுராத்திரியில சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டி மூணு அப்பம் கேக்குறவன். "வருந்திக் கேட்கிறதினிமித்தம்" எழுந்து குடுப்பான்னு நாம படிக்கிறோம். அங்க இருக்கிற சொல்லுக்கு நேர் அர்த்தம் வெட்கங்கெட்டத்தனம். மொழிபெயர்த்தவங்க மரியாதைக்காரங்க.

வார்டு வாசல்ல எனக்கு மானம் போச்சுன்னு எழுதியிருந்தேன்.

ஜூலை 9

1706-ல இதே தேதிதான் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில கப்பலை விட்டு இறங்கினார். ஒன்பது வருஷத்துல, 1715-க்குள்ள, புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சுப் போட்டு முடிச்சாச்சு. எபிரெயர் நிருபம் அச்சுத் தமிழ்ல முதல்ல வந்ததும் நம்ம கடற்கரையிலதான். 1718-ல புது எருசலேம் கோவில் கட்டினார், மறு வருஷம் செத்துப்போய் அதுக்குள்ளயே அடக்கமானார். வருஷா வருஷம் போவேன். கடல் காத்துல உப்பு ஒட்டும், பையன் கோட்டையில ஓடுவான்.

இன்னிக்குப் போயிட்டு வர்ற பஸ்ல இதை நினைச்சேன். "சேரக்கடவோம்"னு அச்சுப் போட்டாச்சு, சரி. யாரு சேர்ந்தாங்க?

எங்க தாத்தா பண்ணையாள். ஆண்டை வீட்டுக்குக் கொல்லைப் பக்கம் மட்டும்தான் போகலாம், துண்டு இடுப்புல. கூலி கேக்கணும்னாலும் கிணத்தடியில நின்னு, யாராவது பாக்குற வரைக்கும் காத்திருக்கணும். சரி, அது ஆண்டை வீடு. கோவில்லயும் அவருக்குத் தரையில, பின்னால, தனி இடம். இராப்போஜனத்துல கிண்ணம் கடைசியில வரும். அந்த இடத்துலேர்ந்துதான் இந்த வசனத்தை அவர் கேட்டிருப்பார்.

இது எங்க ஊர்க்கதை மட்டும் இல்லை. 1833-ல கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி வித்தியாசம் உடனே, முழுசா ஒழியணும்னு கடிதம் போட்டார். தஞ்சாவூர்ல பெரிய கலகம், நிறையப் பேர் வெளியே போனாங்க. நாம கீர்த்தனை கீர்த்தனையாப் பாடுற வேதநாயகம் சாஸ்திரியாரும் இந்த விஷயத்துல பழைய வழக்கத்தின் பக்கம்தான் நின்னார். எனக்கு அவர் பாட்டு உசிரு. இதுவும் உண்மை.

எங்கம்மா வாழ்க்கை பூரா வயல்ல ஐயா, ஆண்டே, சரிங்கன்னே பேசினவங்க. கூலி குறைஞ்சா நிமிர்ந்து ஏன்னு கேட்டதில்லை. தனக்கு மேல இருக்கிற யாரையும் அவங்க நீன்னு கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒருத்தரைத் தவிர.

இதை 10-ஆம் தேதியே எழுதியிருக்கணும். வேட்டி தேட நேரமில்லைன்னு அப்ப எழுதினது சமாளிப்பு.

ஜூலை 13

என் வீட்டம்மா ரோமன் கத்தோலிக், வேளாங்கண்ணிப் பக்கம். நான் எழுதினதை எல்லாம் மொத்தமா படிச்சிட்டு, "நேரா போக வெக்கமா இருந்தா மாதாகிட்ட சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க அவரை"ன்னாங்க. "எங்கப்பாகிட்ட சைக்கிள் கேக்கணும்னா நான் எங்கம்மாகிட்டதான் சொல்லுவேன்."

நான் லுத்தரன் முறுக்கோட 1 தீமோத்தேயு 2:5-ஐ எடுத்தேன். மத்தியஸ்தர் ஒருவரே.

"அப்ப நீங்க எதுக்கு மரத்தடியில மனு எழுதுறீங்க? ஜனங்க நேரா கலெக்டர்கிட்டப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே? மாவட்டம் பிரிச்சப்புறம் கலெக்டர் ஆபீஸ்தான் மயிலாடுதுறையிலயே இருக்கே."

எனக்குப் பதில் இல்லை. அந்த நடுவர் வேலைதான் வீட்டுல உலை வைக்குது. இரண்டு தரப்புக்காரங்களும் இதை வெச்சுச் சண்டையைத் தொடங்காதீங்க, எங்க வீட்டுல ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கு.

ஜூலை 14

நேத்து சொன்னதுல ஒரு விஷயம். போன மாசம் முதியோர் உதவித்தொகைக்கு ஒரு பாட்டி வந்தாங்க. மூணாவது தரம். முதல் ரெண்டு மனுவும் எங்கே போச்சுன்னே தெரியலை. நான் எழுதிக் குடுத்ததை எடுத்துக்கிட்டு திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் போயிருக்காங்க. வரிசையில நிக்கும்போது வேர்வையில மனு நனைஞ்சு எழுத்தெல்லாம் ஊறிப் போச்சாம். மேசைக்கு முன்னாடி போனதும் என்ன பண்றதுன்னு தெரியாம, "ரெண்டு வேளை கஞ்சிதாம்மா குடிக்கிறேன்"னு மட்டும் சொல்லியிருக்காங்க. மேசையில இருந்த அதிகாரியம்மா பேனாவைக் கீழ வெச்சிட்டு, உக்காரச் சொல்லி, விவரம் கேட்டாங்களாம்.

உத்தரவு இன்னும் வரலை. வரும்னு பாட்டி சொல்றாங்க. எனக்கு எழுதுகூலி அறுபது ரூபாயைத் திருப்பிக் கேக்கலை, அதுவரைக்கும் நல்லது.

ஆகஸ்ட் 28

நாளைக்கு வேளாங்கண்ணியில கொடியேத்தம். ரோடு பூரா காவிச் சேலை, காவி வேட்டி, தள்ளுவண்டியில மாதா, பின்னாடி ஸ்பீக்கர். மரத்தடியில பானைத் தண்ணி வெச்சிருக்கேன். காலெல்லாம் கொப்புளம். அங்க போனப்புறம் இன்னும் சிலபேர் மணல்ல முழங்கால்லயே நடப்பாங்க. இவங்களைப் பார்த்து "தைரியமா போங்க, முழங்கால் எதுக்கு"ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அது பயத்துல போற நடை மாதிரித் தெரியலை. வீட்டம்மாவும் நாளன்னிக்குக் கிளம்புறாங்க.

பாபநாசத்துக்காரர் ரெண்டு மாசம் கழிச்சு எழுதியிருக்கார். ஒரு வார நாள்ல, யாரும் இல்லாத நேரமாப் பார்த்துக் கோவிலுக்குப் போனாராம். கடைசி பெஞ்சு. பத்து நிமிஷம். "ஒண்ணும் சொல்லலை. வெளியே வரும்போது, நான் வந்துட்டுப் போறேன்னு மட்டும் சொன்னேன். இது கணக்குல வருமா?"ன்னு கேக்குறார்.

லூக்கா 18-ல வர்ற ஆயக்காரனும் தூரத்துலதான் நின்னான். அவன் சொன்னதும் ஒரே வரி. நான் இதை டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போது அம்மா, "யாருக்குடா எழுதுறே?"ன்னாங்க. சொன்னேன்.

"பேரைச் சொல்லு. ராத்திரி நான் சொல்லிக்கிறேன்."

"பேர் தெரியாதும்மா. பாபநாசம்."

"பாவநாசத்தான்னு சொன்னா அவருக்குத் தெரியாதா, போடா."